பெரிய வேட்டைக் கைத்துப்பாக்கியைப் பிடிப்பதும் அசையாமல் நிறுத்துவதும்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில், குறிப்பாக டெக்சஸ் போன்ற மாநிலங்களில், மானையும் காட்டுப்பன்றியையும் கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட விளையாட்டு. அதற்குப் பயன்படும், பலமான தோட்டா சுடும் .44 மேக்னம், .454 கசுல், .500 ஸ்மித் & வெசன் ரிவால்வர்கள், அதாவது சுழலும் சிலிண்டரின் அறைகளில் தோட்டா போடும் கைத்துப்பாக்கிகள், சாதாரண பிஸ்டலைப் போல நடந்துகொள்ளாது. சுடும் பயிற்சித் திடலான ரேஞ்சில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்று, சுடும்போது துப்பாக்கி பின்னே எகிறும் உதைப்பை பலத்தால் அடக்கப் பார்க்கிறார்கள். இன்னொன்று, தாங்கல் எதுவும் இல்லாமல் நின்றபடியே தொலைவில் சுடுகிறார்கள்.

இந்த அளவுத் துப்பாக்கியை யாராலும் உதைக்காமல் பிடிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கும்படி பிடிக்க முடியும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

எல்லாம் வலக்கைக்காரரை வைத்து எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன்: சட்டம், காது, கண்

முதலில் சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதிலுள்ள முக்கியமான விதிவிலக்கு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில்தான் வரும். நண்பர் கூப்பிட்டார் என்று கிளம்புவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்வி வகுப்பும் கட்டாயம். ஊருக்குப் போகும்போது செய்து பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்: இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம்.

அடுத்து காது. மேக்னம் ரிவால்வரின் வெடிச்சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே வெடி கூடச் செவியைக் கெடுக்கும். அதனால் காதுக்குள் பஞ்சு போல அடைக்கும் பிளக், அதன் மேல் காதை மூடும் மஃப், இரண்டும் வேண்டும். குழல் முனையில் துளையிட்ட, அதாவது போர்ட்டட் துப்பாக்கியாக இருந்தால் சத்தம் பக்கவாட்டில் இன்னும் கடுமையாக வரும். காதை நன்றாக அடைப்பதில் இன்னொரு பலனும் உண்டு. உதைப்பு பயம் என்று நாம் நினைப்பதில் பாதி சத்தத்தின் பயம்தான். சத்தம் அடங்கினால் கண் சிமிட்டுவது குறையும்.

கண்ணாடி கட்டாயம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து ஈயத்துணுக்கு தெறிக்கும். பக்கத்தில் நிற்பவரும் போட்டிருக்க வேண்டும்.

2. தோட்டாவைக் குறைத்துத் தொடங்குங்கள்

.44 மேக்னம் துப்பாக்கியில் .44 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம். .454 கசுலில் .45 கோல்ட் சுடலாம். உதைப்பு பெருமளவு குறையும், பிடி மட்டும் அப்படியே. பிடியைப் பழகும் வரை இதுதான் உங்கள் தோட்டா. மறுதிசையில், அதாவது சிறிய தோட்டாவுக்கான துப்பாக்கியில் பெரியதைப் போட முயலவே கூடாது.

குட்டையான தோட்டாக்களைச் சுட்ட பிறகு அறைக்குள் ஒரு கரி வளையம் படியும். தேய்த்து எடுக்காமல் நீளமான மேக்னம் தோட்டாவைப் போட்டால் உள்ளே முழுதாக இறங்காது, சுட்ட பின் வெளியே வரவும் மறுக்கும். அதனால் மாற்றும் முன் சிலிண்டரைத் துலக்குங்கள்.

துப்பாக்கியின் எடை இங்கே உங்கள் நண்பன். 7.5 அங்குலக் குழல் கொண்ட ரூகர் சூப்பர் ரெட்ஹாக் சுமார் 1.5 கிலோ. நீளக் குழல் ஸ்மித் & வெசன் 500 சுமார் 2 கிலோ. தூக்கி நடக்க இலகுவாக இருக்கும் என்று குட்டைக் குழல் மாடலை முதலில் வாங்குபவர்கள், சுடும்போதுதான் அதன் விலையைத் தெரிந்துகொள்கிறார்கள்.

3. வலது கை: எவ்வளவு மேலே?

துப்பாக்கி காலி என்று சிலிண்டரைத் திறந்து பாருங்கள். விரலால் ஒவ்வொரு அறையையும் தடவியும் பாருங்கள். பிறகுதான் பிடி.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள கவையைப் பிடியின் முதுகில் வைக்க வேண்டும். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ட்ரிகரை இழுத்தாலே ஹேமரும் பின்னே போய் வெடிக்கும் வகை) என்றால், ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி, பின்னால் வரும்போது இடிக்காத அளவுக்கு எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே. காரணம் எளிது. குழல் உங்கள் கைக்கு மேலே இருக்கிறது. கை கீழே போகப் போக அந்த உயரம் கூடி, குழல் முனை அதிக வேகத்தில் மேலே எகிறும்.

சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுக்க வேண்டிய, கௌபாய் பாணிப் பிடி வளைந்த ரிவால்வருக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அந்த வளைவு உள்ளங்கைக்குள் உருண்டு மேலே போவதற்காகவே அமைந்தது. உருள விடுங்கள். சுண்டுவிரலைப் பிடியின் அடியில் மடித்து வைத்துக்கொண்டால் பலருக்கு வசதியாக இருக்கும். ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் வகையில் ட்ரிகரைச் சுற்றிய வளையமான ட்ரிகர் கார்டின் பின்பக்கம் சதுரமாக இருக்கும் மாடல்கள் உண்டு. பிடி உருளும்போது அந்த மூலை நடுவிரல் கணுவில் சுளீர் என்று இடிக்கும். நடுவிரலை கார்டுக்கு ஒட்டி வைக்காமல் சிறு இடைவெளி விட்டால் தப்பலாம்.

குழல், மணிக்கட்டு, முன்கை மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சுட்டுவிரல் எட்டவில்லை என்று பிடியை வலப்பக்கம் திருப்பிப் பிடிப்பவர்கள் நிறைய. அப்போது உதைப்பு முழுவதும் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். ட்ரிகர் எட்டவில்லை என்றால் பிடியைத்தான் மாற்ற வேண்டும். மெலிந்த ரப்பர் பிடிகள் கடைகளில் கிடைக்கும்.

4. இடது கை: கட்டைவிரலுக்கு ஆபத்தான இடம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு உண்டு. ஒரு தாளைவிடச் சற்றே தடிமன். சுடும்போது அதிலிருந்து கொதிக்கும் வாயுவும் ஈயத்துணுக்கும் இரு பக்கமும் கத்தியாகச் சீறும். .500 போன்ற தோட்டாக்களில் அந்த இடுக்கின் அருகே இருந்த கட்டைவிரல் நுனி பிய்ந்துபோன சம்பவங்கள் உண்டு.

ஆபத்தில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் முற்றிலும் புதியவர்கள் அல்லர். கிளாக் போன்ற பிஸ்டலில் பழகியவர்கள்தான். அங்கே இரண்டு கட்டைவிரலையும் முன்னோக்கி நீட்டிப் பிடிப்பது சரியான முறை. அதே பழக்கத்தோடு பெரிய ரிவால்வரை எடுத்தால், இடது கட்டைவிரல் நேராக அந்த இடுக்கின் பக்கத்தில் போய் நிற்கும். பார்க்க ஒழுங்கான பிடியாகத்தான் தெரியும்.

ரிவால்வருக்கான முறை இது:

இடது கையின் நான்கு விரல்களும் வலது கை விரல்களின் மேல், ட்ரிகர் கார்டுக்குக் கீழே சுற்றிப் பிடிக்க வேண்டும். வலது கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்கும். இடது கட்டைவிரல் அதன் நகத்தின் மேல் குறுக்கே அழுத்தும். இரண்டும் சிலிண்டரின் பின்பக்கத்தைத் தாண்டக் கூடாது. இடது சுட்டுவிரலை ட்ரிகர் கார்டின் முன்னால் கொக்கிபோல் மாட்டுவதும் வேண்டாம். அது துப்பாக்கியை இடப்பக்கம் இழுக்கும், இடுக்குக்கும் அருகில் போகும்.

அழுத்தம் எவ்வளவு? கை நடுங்கும் வரை இறுக்கிவிட்டு, நடுக்கம் நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்துங்கள். அதுதான் உங்கள் அளவு. வலது கையைவிட இடது கை சற்றே கூடுதலாக இறுக்க வேண்டும். வலது கை அதிகம் இறுகினால் ட்ரிகர் விரல் தனியாக அசையாது, முழுக் கையும் சேர்ந்து அசையும்.

ஒரே அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி மேலெழத் தொடங்கிவிடுகிறது. தளர்வாகப் பிடித்த நாளில் குறி ஓரிடமும் இறுக்கிப் பிடித்த நாளில் வேறிடமும் விழும். சைட்டை, அதாவது குறிபார்க்கும் அமைப்பை, திருகித் திருகிச் சலித்துப்போகும் பலருக்கு சைட்டில் கோளாறே இருப்பதில்லை.

5. உடம்பு

கால்கள் தோளகலம், இடது கால் அரை அடி முன்னே. உடம்பின் எடை முன்பாதத்தில். பின்னால் சாய்ந்து நிற்பதுதான் இங்கே மிகச் சாதாரணமாகக் காணும் பிழை. கனமான பொருளை நீட்டிப் பிடிக்கும்போது இடுப்பு தானாக முன்னே தள்ளி, தோள் பின்னே போகும். அந்த நிலையில் சுட்டால் ஓரடி பின்வாங்க வேண்டியிருக்கும்.

முழங்கையை முழுதாகப் பூட்டாதீர்கள். சிறிது மடங்கியிருந்தால் உதைப்பு முழங்கை, தோள், முதுகு என்று பகிர்ந்து போகும்; துப்பாக்கி மேலே எழுந்து திரும்ப இறங்கும். பூட்டிய முழங்கை எல்லாவற்றையும் மூட்டில் வாங்கிக்கொள்ளும். அதிகம் மடக்கினாலும் ஆபத்துதான். துப்பாக்கி முகத்தை நோக்கி வரும், நெற்றியில் அடிபடுவது அப்படித்தான். மணிக்கட்டு மட்டும் விறைப்பாகவே இருக்கட்டும்.

6. முதல் நாள் ஒரே ஒரு தோட்டா

ஐந்து அறை, ஆறு அறை இருக்கிறது என்று எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். ஒன்று போட்டு, சுட்டு, திறந்து, மறுபடி ஒன்று.

இதற்கு உயிர் போகும் காரணம் இருக்கிறது. பலமான உதைப்பில் துப்பாக்கி கையில் பின்னே வந்து, பிடியைக் காப்பாற்ற விரல்கள் தாமாக இறுகும்போது, டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் அறியாமலே இரண்டாவது முறை ட்ரிகர் இழுபடலாம். அந்த நொடியில் குழல் வானத்தையோ உங்கள் தலையையோ நோக்கியிருக்கும். கிட்ட நிற்கும் அனுபவசாலி எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் தடுக்க முடியாது. மனைவியையோ நண்பரையோ அழைத்து வந்து, 'ஒரு தடவை சுட்டுப் பாரேன்' என்று நிரப்பிய .500-ஐக் கையில் கொடுத்துவிட்டு, கைபேசியில் படம் பிடிக்க நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நிரப்பிச் சுடும் கட்டத்துக்கு வந்த பிறகு இன்னொரு பரிசோதனை. சுடாத தோட்டாக்களின் முனையை அவ்வப்போது பாருங்கள். உதைப்பின் அதிர்வில் குண்டு அதன் கூட்டிலிருந்து மெல்ல முன்னே நழுவும். போதிய அளவு நழுவினால் சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளும்.

7. ட்ரிகரும் பயமும்

வேட்டைக்கான சூட்டுக்கு ஹேமரைப் பின்னே இழுத்து வைத்துத்தான் சுட வேண்டும். ஹேமர் பின்னே இருந்தால் ட்ரிகர் இழுவை மூன்று நான்கு பவுண்டுதான். டபுள் ஆக்‌ஷனில் அது பத்துப் பன்னிரண்டு பவுண்டு வரை போகும். ஹேமரை இடது கட்டைவிரலால் இழுங்கள். வலது கைப் பிடி கலையாது. இழுத்த பின் இடது கட்டைவிரல் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். அவசரத்தில் அது முன்னே நீண்டு நின்றுவிடுவது உண்டு.

சைட் இலக்கின் மேல் அசைந்துகொண்டே இருக்கும். இருக்கட்டும். அது சரியான இடத்தைக் கடக்கும் கணத்தில் 'இப்போது' என்று ட்ரிகரைப் பறிப்பதைவிட, அசைவைப் பொருட்படுத்தாமல் விரல் நுனியால் சீராக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் நெருக்கமான குண்டுக்கூட்டம் தரும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். ஏழெட்டு நொடிக்குள் வெடிக்கவில்லை என்றால் விரலை வெளியே எடுத்து, துப்பாக்கியைத் தாழ்த்தி, மறுபடி தொடங்குங்கள். கண்ணுக்கு ஆக்ஸிஜன் குறையும்போது சைட் மங்கும்.

உதைப்பை எதிர்பார்த்துக் குழலைக் கீழே தள்ளும் பழக்கம் எல்லோருக்கும் வரும். தனக்கு வந்துவிட்டது என்று சுடுபவருக்கே தெரியாது, உதைப்பு அதை மறைத்துவிடும். கண்டுபிடிக்க நல்ல வழி: பக்கத்தில் இருப்பவர் சில அறைகளில் தோட்டாவும் சில அறைகளில் வெடிக்காத போலித் தோட்டாவான டம்மியும் போட்டு, சிலிண்டரைச் சுற்றி மூடிக் கொடுக்க வேண்டும். டம்மி வரும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு குழல் முனை இரண்டு விரற்கடை கீழே குத்துவதை எல்லோரும் பார்ப்பார்கள், சுட்டவரும் பார்ப்பார். வேறு விளக்கமே தேவைப்படாது. டம்மியிலும் சைட் அசையாமல் நிற்கும் வரை இதைத் தொடருங்கள்.

முழுச் சக்தித் தோட்டா ஒரு நாளுக்கு இருபது போதும். அதற்கு மேல் சுடுவது பயத்தைத்தான் பயிற்றுவிக்கும். மிச்ச நேரத்துக்கு .22 ரிவால்வர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

8. பெஞ்சில் தாங்கல்

குழலை மணல் பையின் மேல் வைக்கக் கூடாது. குழல் தாங்கலில் பட்டால் உதைக்கும் விதம் மாறி, குண்டு விழும் இடமும் மாறும். அதோடு இடுக்கிலிருந்து வரும் வாயு பையின் துணியைக் கிழித்துவிடும்.

ரிவால்வர் என்றால் மணிக்கட்டையும் முன்கையையும் பையில் வையுங்கள். அல்லது ட்ரிகர் கார்டுக்கு முன்னால் உள்ள ஃபிரேமின், அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்தின், அடிப்பகுதியை மட்டும் தாங்கட்டும். பையின் மேல் ஒரு பழைய தோல் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். பிடியின் அடி மரப்பலகையில் முட்டக் கூடாது; முட்டினால் துப்பாக்கி துள்ளி, குறி மேலே போகும்.

தாம்சன்/சென்டர் கன்டெண்டர் போன்ற ஒற்றைக் குண்டு பிஸ்டலில் சிலிண்டரும் இல்லை, இடுக்கும் இல்லை. அதன் முன்மரத்தைத் தாராளமாகப் பையில் வைக்கலாம்.

9. காட்டில் தாங்கல்

நின்றபடி, தாங்கல் இல்லாமல், 50 மீட்டரில் ஒரு மானைச் சுடக் கூடாது. கணக்கைப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 23 சென்டிமீட்டர். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 50 மீட்டரில் குண்டு சுமார் 22 சென்டிமீட்டர் தள்ளி விழும். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதியின் அகலமே கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் பிழை அந்த உயிரைக் காயத்தோடு ஓட விடும்.

நான் முதலில் கற்றுக்கொடுப்பது உட்கார்ந்த நிலை. மரத்தில் முதுகு சாய்த்து, முழங்கால்களை உயர்த்தி, முன்கைகளை முழங்கால் மேல் வைப்பது. முழங்கை எலும்பு முழங்கால் எலும்பின் மேல் உட்காரக் கூடாது, வழுக்கும். சதை சதையின் மேல் படியும்படி ஒரு அங்குலம் நகர்த்திக்கொள்ளுங்கள். சிலிண்டர் இடுக்கும் குழல் முனையும் முழங்காலுக்கு நன்றாக முன்னால் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

முதுகுக்கு மரம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு, 'சற்று முன்னால் போனால் நன்றாகத் தெரியும்' என்று வெட்ட வெளியில் உட்காருபவர்கள் உண்டு. முதுகுச் சாய்வுதான் அந்த நிலையின் உயிர். இருபது மீட்டர் நெருங்குவதைவிட அது அதிகம் உதவும்.

உட்கார்ந்தால் புல் மறைக்கிறது என்றால் நிற்கும் மரம். இரு கைப் பிடியைக் கலைக்காமல், இடது புறங்கையை மரத்தின் வலப்பக்கத்தில் சாய்த்து அழுத்துங்கள். துப்பாக்கி மரத்தில் படக் கூடாது, இடுக்கு மரத்தைத் தாண்டி முன்னே இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டை உதிர்ந்து முகத்தில் அடிக்கும்.

கவை போல் விரியும் ஷூட்டிங் ஸ்டிக், மரமில்லாத இடத்துக்கு. உட்கார்ந்து பயன்படுத்துங்கள். கவையில் ஃபிரேமின் முன்னடிதான் உட்கார வேண்டும், இரண்டு கையும் பிடியிலேயே.

மல்லாந்து படுத்து, மடக்கிய காலின் பக்கத்தில் துப்பாக்கியைச் சாய்க்கும் கிரீட்மோர் நிலையைப் பற்றிக் கேட்பார்கள். உலோக உருவ இலக்குப் போட்டிகளில் 200 மீட்டர் ஆட்டுக்கிடா உருவத்தை அப்படித்தான் சுடுகிறார்கள். ரிவால்வர் என்றால் காலில் தடித்த தோல் கவசம் கட்டாமல் அதைச் செய்யக் கூடாது. புல்வெளி வேட்டைக்கு அது பெரிதாகப் பயன்படுவதும் இல்லை.

10. ஸ்கோப் போட்டிருந்தால்

ரைஃபிள் ஸ்கோப்பை, அதாவது ரைஃபிளில் குறிபார்க்கும் தொலைநோக்கியை, கைத்துப்பாக்கியில் பொருத்தக் கூடாது. அதற்குக் கண்ணை பத்து சென்டிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும், அடுத்த நொடி அது புருவத்தில் இறங்கும். கை நீட்டிய தூரத்தில் படம் தெரியும்படி செய்த கைத்துப்பாக்கி ஸ்கோப்பே வேண்டும். இரண்டு மடங்கு பெரிதாக்குவது போதும். கூடக் கூட நடுக்கமும் பெரிதாகத் தெரிந்து, ட்ரிகரைப் பறிக்கத் தோன்றும்.

ஸ்கோப்புக்குள் விலங்கைத் தேடிக் குழலை ஆட்டாதீர்கள். கண்ணை விலங்கின் மேலேயே வைத்துக்கொண்டு, துப்பாக்கியை அந்தப் பார்வைக் கோட்டுக்குள் தூக்குங்கள். தோட்டா இல்லாமல் வீட்டில் சுவரை நோக்கிப் பழகினால் சில வாரத்தில் படம் தானாக வந்து நிற்கும்.

11. உங்கள் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒன்பது அங்குலக் காகிதத் தட்டை 25 மீட்டரில் கட்டுங்கள். வேட்டையில் பயன்படுத்தப் போகும் அதே தோட்டா, அதே உடை, அதே நிலை. ஐந்து குண்டும் தட்டில் விழுந்தால் பத்து மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். ஒன்று வெளியே போனாலும் முந்தைய தூரம்தான் அந்த நிலையில் உங்கள் எல்லை. பெஞ்சில் கிடைத்த எண்ணை இதில் கலக்காதீர்கள்.

உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்து, ஸ்டிக்கில் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் வரும். நின்றபடி கிடைக்கும் எண் உங்களை வருத்தப்படுத்தலாம். 25 மீட்டரே பலருக்கு எட்டாது. அந்த எண்களை ஒரு சிறு துண்டில் எழுதி உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பிடியின் ரப்பரை மாற்றினாலோ குண்டின் எடையை மாற்றினாலோ பழைய துண்டைக் கிழித்துவிட்டு மறுபடி தட்டைக் கட்ட வேண்டும். கனமான குண்டு மெதுவாக வெளியேறுவதால் கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் சற்று மேலேதான் விழும்.